இரும்புப் படகில் பேட்டரி, வயரிங் வேலை: எதற்குப் பயப்பட வேண்டும்?

நாகமரைத் துறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏரியூருக்குப் பக்கத்தில் நாகமரை எங்கள் ஊர். அப்பா இங்கிருந்து மேட்டூர் அணைத் தண்ணிக்கு அக்கரையில் இருக்கிற பண்ணவாடிக்கு ஆள் ஏற்றும் படகு வைத்திருக்கிறார். இரும்புப் படகு, டீசல் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட். ரோட்டில் போனால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் சந்தைக்குப் போகிறவர்கள், விசேஷத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் பைக்கோடு படகில் ஏறிவிடுவார்கள். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். ஸ்பேனர் பிடிக்கிற வேலை பழக்கம்தான், கரன்ட் வேலை அவ்வளவாகத் தெரியாது.

படகில் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) 12 வோல்ட் பேட்டரி இரண்டு. எஞ்சின் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் மூடி வைத்திருக்கிறோம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருக்கிறது. அதிலிருந்துதான் செல்ஃப், முன் விளக்கு, உள் விளக்கு, ஹாரன், அடியில் சேருகிற தண்ணியை இறைக்கிற சின்ன மோட்டார் எல்லாம். எல்லா வயரும் ஒரே பிளஸ் கிளாம்பின் நட்டில் முறுக்கிக் கட்டியிருக்கிறது. ஃபியூஸ் என்று ஒன்றும் கிடையாது. வயரும் வீட்டுக்குப் போடுகிற வயர். ஒட்டுப்போட்ட இடங்களில் டேப்பின் பசை இளகிக் கருப்பாக வழிகிறது.

சமீபத்தில் ஒரு மெக்கானிக் வந்து பிளஸ் கிளாம்பை இறுக்கும்போது ஸ்பேனரின் மறுமுனை எஞ்சின் மேடையில் பட்டுவிட்டது. பளீரென்று ஒரு வெளிச்சம். ஸ்பேனரின் ஓரம் உருகிப் போயிருந்தது, அவர் உள்ளங்கை வெந்து கொப்புளம். பக்கத்தில் பெட்ரோலோடு இரண்டு பைக் நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் துறையில் எல்லோரும் "12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காதே" என்கிறார்கள்.

தண்ணி இறங்கும் பருவத்தில் படகைக் கரையில் ஏற்றி, மொத்த வயரிங்கையும் மாற்றலாம் என்று அப்பா சொல்கிறார். நான் லீவு போட்டு வந்து கூட நிற்கப்போகிறேன். பேட்டரியைக் கழற்றுவதிலிருந்து என்ன வரிசையில் செய்வது? எதில் உண்மையான ஆபத்து? இன்னொன்று: சார்ஜ் போட கரையில் உள்ள ஒரு கொட்டகையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துப் படகுக்கே கொண்டுவருகிறோம். அது சரிதானா என்றும் சொல்லுங்கள்.


பாலக்கோட்டான் எழுதியது:

தம்பி, டிராக்டர் பேட்டரியை நான் வெறும் கையால்தான் கழற்றி மாட்டுகிறேன். இரண்டு டெர்மினலையும் ஒரே நேரத்தில் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் மெக்கானிக்குக்கு நேரம் சரியில்லை. நல்ல வயராக வாங்கிப் போடுங்கள், போதும்.


பெண்ணாகரம் ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

பாலக்கோட்டு அண்ணன் சொன்னதில் பாதி சரி. இரண்டு டெர்மினலையும் கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. மீதிப் பாதியைத்தான் நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதியில்தான் கை வேகிறது, வண்டி எரிகிறது.

ஈரக் கையின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 12 மில்லி ஆம்ப்தான் ஓடும். டிசி கரன்ட்டில் அது சுருக்கென்று தெரியலாம், உயிரை எடுக்காது. உலர்ந்த கை என்றால் அதுகூட இல்லை. ஆனால் ஸ்பேனருக்குத் தோல் கிடையாது. நல்ல நிலையில் உள்ள 100 ஏஎச் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்று கணக்குப் போட்டால் 12.6 வோல்ட்டை 0.005-ஆல் வகுங்கள்: 2500 ஆம்ப்புக்கு மேல். வெல்டிங் மெஷினில் நாம் 100, 150 ஆம்ப் வைத்து இரும்பை ஒட்டுகிறோம். உங்கள் படகில் இரண்டு பேட்டரி சேர்ந்து இருக்கிறது. அந்த ஸ்பேனர் முழுசாக உருகாமல் ஓரத்தோடு போனதே பெரிய காரியம். உங்கள் மெக்கானிக்குக்கு நேரம் சரியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்தால் யார் கையிலும் இது நடக்கும்.

அதனால்தான் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். காரணத்தையும் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், வரிசை மறக்கவே மறக்காது. எஞ்சின் பிளாக்கில் மைனஸ் கட்டியிருக்கிறது. எஞ்சின் மேடை, இரும்புப் படகின் உடம்பு எல்லாமே மைனஸ்தான். நீங்கள் பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் எந்த இரும்பைத் தொட்டாலும் அது நேரடி ஷார்ட். மைனஸை முதலில் கழற்றிவிட்டால், அதே ஸ்பேனர் பிளஸ்ஸிலிருந்து இரும்பைத் தொட்டாலும் கரன்ட் திரும்பிப் போக வழியில்லை. மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால்? மைனஸும் மைனஸும், ஒன்றும் ஆகாது.

உங்கள் படகில் ஒரு விஷயம் கூடுதல் கவனம். பேட்டரி இரண்டு. ஒன்றின் மைனஸைக் கழற்றிவிட்டு வேலை முடிந்தது என்று பிளஸ்ஸில் கை வைக்காதீர்கள். மற்றொரு பேட்டரி இன்னும் எஞ்சினோடு கட்டப்பட்டிருக்கிறது, அதன் பிளஸ்ஸும் இதோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு மைனஸும் கழன்று, கேபிள் தள்ளி மடக்கிக் கட்டப்பட்ட பிறகுதான் பிளஸ். லாரி வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே இதுதான்.

அதற்கு முன்னால் எஞ்சினை நிறுத்தி, விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கிளாம்ப் விலகும் இடத்தில் பொறி வரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) வேலை செய்கிறதா என்று பார்க்க. அதைச் செய்யவே கூடாது. வோல்டேஜ் சட்டென்று எகிறி டயோடும் போகும், விளக்கும் போகும்.

பொறியைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில் ஹைட்ரஜன் வாயு விடும். ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது ஆறு செல்லுக்கு மொத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே நுரைக்க ஆரம்பிக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே வெடிக்கும் கலவை, அது 75 சதவீதம் வரைக்கும் அப்படியேதான். உங்கள் மரப்பெட்டியை மூடி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூடியில் மேலே காற்று போகத் துளை இருக்கிறதா? ஹைட்ரஜன் மேலே ஏறும், துளை மேலே இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இதற்கு நேர்மாறு, கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும். பைக் சாய்ந்து கார்புரேட்டரிலிருந்து சொட்டுகிற பெட்ரோலை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆக உங்கள் படகில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் தீப்பிடிக்கிற வாயு. வேலை பார்க்கிற அன்று பைக் எதுவும் படகில் இருக்கக் கூடாது. சார்ஜை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஆரம்பியுங்கள். பேட்டரியில் தண்ணி அளவைப் பார்க்க லைட்டர் அடிக்கிறவர்களை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். போன் டார்ச் போதும். பீடி, சிகரெட் கரையிலேயே.

கையில் மோதிரம், வாட்ச், கோயிலில் வாங்கிப் போட்ட செப்புக் காப்பு, கழுத்துச் செயின், எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். செப்புக் காப்பு பிளஸ்ஸுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டினால் ஒரு நொடியில் சிவந்துவிடும், கழற்ற முடியாது. ஸ்பேனரின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி மீதி முழுக்க இன்சுலேஷன் டேப் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். நீங்கள் தொடாத டெர்மினலின் மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டிவிடுங்கள். செலவே இல்லாத வேலை. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதை வாயால் ஊதாதீர்கள், வெறும் கையால் தேய்க்காதீர்கள். சமையல் சோடாவைத் தண்ணியில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். செல் மூடிகள் மூடியிருக்க வேண்டும், சோடாத் தண்ணி உள்ளே போனால் பேட்டரி கெட்டுவிடும். நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, மாட்டி முடித்த பிறகு வாஸ்லின் தடவுங்கள்.

இனி வயரிங். முதல் குறை ஃபியூஸ் இல்லாதது. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வயர் எங்கோ உரசி படகின் இரும்பைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத வயர் முழு நீளத்துக்கும் சிவந்து எரியும். அதனால் ஃபியூஸ் விளக்குப் பக்கத்தில் இருந்து பிரயோஜனமில்லை, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் படகுகளுக்கு ஏபிஒய்சி என்று ஒரு தரவிதி இருக்கிறது, அதில் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் என்று எழுதியிருக்கிறது. செல்ஃப் மோட்டார் கேபிளுக்கு விலக்கு உண்டு. நம் ஊர் கணக்கில் ஒரு சாணுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் நட்டில் எல்லா வயரையும் முறுக்குவதை விட்டுவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர், அதில் மெயின் ஃபியூஸ், அப்புறம் கட் ஆஃப் சுவிட்ச், அப்புறம் ஆறு வழி பிளேடு ஃபியூஸ் பாக்ஸ். அதிலிருந்து முன் விளக்கு தனி, உள் விளக்கு தனி, ஹாரன் தனி. சேலம்-பெங்களூரு ரோடு நம் மாவட்டத்துக்கு நடுவில் ஓடுகிறது, தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் லாரி எலக்ட்ரிக்கல் கடைகளில் இதெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும்.

வயர் கனத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். தண்ணி மோட்டார் 10 ஆம்ப் எடுக்கிறது, பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். போக, வர 10 மீட்டர் வயர். செம்பு வயர் ஒரு மீட்டருக்கு, 1 ஸ்கொயர் எம்எம் கனத்தில், 0.0175 ஓம். மொத்தம் 0.175 ஓம். 10 ஆம்ப் ஓடினால் 1.75 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது 11 வோல்ட்டுக்கும் கீழே. 17.5 வாட் சூடு வயரில். உங்கள் டேப் பசை இளகி வழிவதற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்காது. அதே இடத்தில் 4 ஸ்கொயர் போட்டால் 0.44 வோல்ட்தான் இறங்கும். ஒற்றைக் கம்பி வயர் படகுக்கு ஆகாது, எஞ்சின் அதிர்வில் முறியும். பல இழை வயர், முடிந்தால் வெள்ளீயம் பூசியது. முனைகளில் லக் (வயர் முனைக்கு மாட்டுகிற உலோக வளையம்) வைத்துக் கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

லாரியில் நாங்கள் பாடியையே மைனஸாக எடுத்துக்கொள்வோம். படகில் அதைச் செய்யாதீர்கள். விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் வயர் தனியாகப் பேட்டரி வரைக்கும் வர வேண்டும். இரும்புப் படகு தண்ணிக்குள் நிற்கிறது. உடம்பு வழியாகக் கரன்ட் திரும்பினால் கொஞ்சம் தண்ணி வழியாகவும் போகும், அது வெளியேறுகிற இடத்தில் தகடு அரிக்கும். அடித்தகடு ஓட்டை விழுந்த பிறகு பெயிண்ட் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பேட்டரி ஆடக் கூடாது. பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கடைசியாகக் கேட்ட சார்ஜ் விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன், அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தூரம், சார்ஜர் எங்கே இருக்கிறது, கொட்டகையில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே தானே நிறுத்துகிற சுவிட்ச்) இருக்கிறதா?


நாகமரைத் துறை எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேட்டரி சேர்ந்திருந்தால் ஒரு மைனஸ் போதாது என்பது அவருக்கே புதுசு.

தூரம் ஒரே மாதிரி இருக்காது. அணை நிரம்பியிருந்தால் கொட்டகைக்குக் கீழேயே படகு நிற்கும். தண்ணி இறங்க இறங்கத் துறையும் கீழே போய்க்கொண்டே இருக்கும். பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை வெளியே தெரிகிற சமயத்தில் கொட்டகைக்கும் படகுக்கும் நடுவில் சேறும் குழியுமாக நீளமான இடம். அப்போதெல்லாம் வயரோடு வயர் ஒட்டுப்போட்டு நீட்டுகிறோம். ஒட்டு சில இடங்களில் ஈர மண்ணில்தான் கிடக்கும். சார்ஜர் படகுக்குள், பலகை மேல். தகர உடம்பு உள்ள பழைய சார்ஜர், இரண்டு பின் பிளக். கொட்டகையில் பீங்கான் ஃபியூஸ் மட்டும்தான் இருக்கிறது.


பெண்ணாகரம் ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

தம்பி, மேலே நான் எழுதியது எல்லாம் கை வேகாமல், படகு எரியாமல் இருக்க. இப்போது எழுதுவது உயிர் போகாமல் இருக்க. இதை அப்பாவிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். வயரிங் மாற்றுவதற்கு லீவு கிடைக்கும் வரை காத்திருக்கலாம், இதற்குக் காத்திருக்க வேண்டாம். அந்த எக்ஸ்டென்ஷனை இன்றைக்கே சுருட்டி வையுங்கள்.

பேட்டரியில் 12 வோல்ட். அந்த வயரில் 230 வோல்ட் ஏசி. ஈர உடம்பில் 10, 15 மில்லி ஆம்ப் ஏசி ஓடினாலே தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது, தண்ணிக்குள் என்றால் நீந்த முடியாது. அதற்கு மேல் போனால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறும். பீங்கான் ஃபியூஸ் இதையெல்லாம் கவனிக்கவே கவனிக்காது. அது 5 ஆம்ப், 10 ஆம்ப் போனால்தான் உருகும். ஒரு ஆளைக் கொல்லப் போதுமான கரன்ட் அதற்குக் கரன்ட்டே இல்லை.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. கடல் தண்ணியை விட நம் அணைத் தண்ணி இதில் மோசம். கடல் உப்பு என்பதால் கரன்ட் தண்ணி வழியாகவே சுலபமாகப் பரவிப் போய்விடும். ஆற்றுத் தண்ணி நல்ல தண்ணி, அவ்வளவாகக் கரன்ட் கடத்தாது. மனுஷ உடம்புக்குள் உப்பு இருக்கிறது. அதனால் நல்ல தண்ணியில் கசிகிற கரன்ட்டுக்கு, பக்கத்தில் நிற்கிற ஆளின் உடம்பே சுலபமான வழி. உங்கள் தகர சார்ஜரில் உள்ளே ஒரு வயர் உரசி உடம்பைத் தொட்டால், இரண்டு பின் பிளக் என்பதால் எர்த் இல்லை, இரும்புப் படகு முழுக்க 230 வோல்ட் ஏறும். படகைச் சுற்றியுள்ள தண்ணியிலும். முழங்கால் தண்ணியில் நின்று படகைத் தள்ளுகிறவர், துணி துவைக்கிறவர், குளிக்கிற பிள்ளைகள் யாருக்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஷாக் அடித்தவர் சத்தம்கூடப் போட முடியாமல் மூழ்குவார், பார்க்கிறவர்கள் நீச்சல் தெரியாமல் போனார் என்று சொல்வார்கள்.

அதனால் சார்ஜர் படகுக்கு வரவே கூடாது. பேட்டரிதான் சார்ஜரிடம் போக வேண்டும். 100 ஏஎச் பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ, இரண்டு பேர் கயிற்றுக் கைப்பிடி போட்டுத் தூக்கலாம். சேறாக இருந்தால் பலகை போட்டு நடங்கள். சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள், ஆசிட் சிந்தும். வீட்டில் காற்று வருகிற திண்ணையில் வைத்து, மூன்று பின் பிளக் உள்ள சார்ஜரில், முதலில் கிளிப் மாட்டி அப்புறம் சுவிட்ச் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்ச், அப்புறம் கிளிப். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள், எர்த் குழியும் சரியாக இருக்க வேண்டும். ஆர்சிசிபியில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

தூக்குவது அப்பாவுக்குக் கஷ்டம் என்றால் படகுக் கூரையில் சோலார் பேனல் ஒன்று போட்டுவிடுங்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்ப் போலத் தரும். விளக்குக்கும் தண்ணி மோட்டாருக்கும் அது தாராளம், எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வேறு ஏற்றும். சும்மா திறந்து வைத்தால் பேனலில் 20 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், நேராகப் பேட்டரியில் கட்டாதீர்கள். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது பேனல் முதலில்.

யாருக்காவது தண்ணியில் ஷாக் அடித்தது போல் தெரிந்தால் குதித்துக் காப்பாற்றப் போகாதீர்கள், போனவரும் சேர்ந்து போவார். கரையில் மெயினை நிறுத்திய பிறகுதான் தண்ணியில் இறங்க வேண்டும். அதுவரைக்கும் காய்ந்த நைலான் கயிறோ மூங்கிலோ நீட்டுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.


அரூர் செவிலி எழுதியது:

மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை. பேட்டரி ஆசிட் கண்ணில் தெறித்தால் அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்து, ஓடுகிற சுத்தமான தண்ணியில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சோடா எல்லாம் இரும்புக்குத்தான், கண்ணில் ஊற்றக் கூடாது. கழுவி முடித்த பிறகுதான் வண்டி ஏற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்களுக்கு வழியிலேயே சேதம் ஆகிவிடுகிறது. அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு குடம் நல்ல தண்ணியை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரம்தானே என்று விட்டுவிடாதீர்கள், கலங்கல் தண்ணி கண்ணுக்கு நல்லதில்லை.

சூட்டுக் காயம் என்றால் 20 நிமிடம் குழாய்த் தண்ணி. விரல் வீங்கும் முன்னால் மோதிரத்தை எடுத்துவிட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் தடவாதீர்கள், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் நோயாளி துடிக்கிறார். 230 வோல்ட் ஷாக் அடித்தவர் எழுந்து நடந்து நன்றாகப் பேசினாலும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். பெண்ணாகரம் அரசு மருத்துவமனைக்கோ தர்மபுரி மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.


நாகமரைத் துறை எழுதியது:

சார்ஜரை அப்பா வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். எக்ஸ்டென்ஷனைப் பக்கத்துப் படகுக்காரர்களும் இனி இழுக்க வேண்டாம் என்று துறையில் பேசியிருக்கிறார். இரண்டு சந்தேகம் மிச்சம். என்னோடு ரூமில் இருக்கிற நண்பன் பழைய மின் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று தருகிறேன் என்கிறான், எடை குறைவு, தூக்கச் சுலபம். அதைப் படகில் போடலாமா? இன்னொன்று, கட் ஆஃப் சுவிட்சை எங்கே வைப்பது? இரவில் ஆஃப் செய்துவிட்டுப் போனால் தண்ணி மோட்டாரும் நின்றுவிடுமே. மழைக்காலத்தில் காலையில் வந்து பார்த்தால் படகு பாதி தண்ணிக்குள் இருக்கும்.


ஓசூர் செல் பேக் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், லித்தியம் பேக் அசெம்பிளி லைனில் இருக்கிறேன். வேண்டாம் தம்பி.

ஸ்கூட்டர் பேக் 12 வோல்ட் கிடையாது. பெயருக்கு 48 வோல்ட் என்று சொல்கிற பேக்குகூட முழு சார்ஜில் 54-லிருந்து 58 வோல்ட் வரைக்கும் நிற்கும். ஈரக் கையோடு, ஈர இரும்பு மேல் நின்றுகொண்டு தொடுகிற வோல்டேஜ் அது இல்லை. உங்கள் விளக்கு, செல்ஃப் எதற்கும் நேராகச் சேராது. அடுத்தது, டிசியில் பொறி தானாக அணையாது. வீட்டு ஏசி கரன்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது, அதனால் சுவிட்ச் திறக்கும்போது பொறி அறுந்துவிடும். டிசி பூஜ்யத்துக்கு வராது. வீட்டு எம்சிபியை (அதிகக் கரன்ட் போனால் தானே விழுகிற சுவிட்ச்) இந்தப் பேக்கில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது, உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். டிசி என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

பழைய பேக்கில் எந்தச் செல் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்கூட்டரில் பெரும்பாலும் வருகிற வகைச் செல் தீப்பிடித்தால் அணைத்த பிறகும் மறுபடி பற்றும். நடு அணையில் ஆட்களோடு இருக்கும்போது இறங்கி ஓட இடமில்லை. லித்தியம்தான் வேண்டுமென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு செல், 12.8 வோல்ட், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கிற சர்க்யூட்) உள்ளது, புதிதாக வாங்குங்கள், அதுவும் விளக்குக்கு மட்டும். செல்ஃப்புக்குப் பழையபடி லெட் ஆசிட். இரண்டையும் ஒன்றாக இணைக்கக் கூடாது, லித்தியத்துக்கு அதற்கென்று உள்ள சார்ஜர் தனி. ஆல்டர்னேட்டரிலும் நேராகக் கட்டாதீர்கள். லித்தியம் கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும்.

என் கருத்து, உங்கள் படகுக்கு இருக்கிற பேட்டரியே போதும். அந்தக் காசை வயருக்கும் ஃபியூஸுக்கும் போடுங்கள்.


பெண்ணாகரம் ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

ஓசூர் நண்பர் சொன்னதுதான் என் பதிலும்.

கட் ஆஃப் சுவிட்ச் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே, படகோட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற உயரத்தில். பெட்டிக்குள் வைத்தால் புகை வரும்போது மூடியைத் திறந்து கையை விட வேண்டிவரும், வாயு தேங்குகிற இடத்தில் சுவிட்ச் பொறியும் வேண்டாம். தண்ணி மோட்டாரை மட்டும் கட் ஆஃபுக்கு முன்னால், நேராகப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து எடுங்கள். அதற்குத் தனி ஃபியூஸ், அதுவும் ஒரு சாணுக்குள். மோட்டாரோடு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வாங்கிவிட்டால் தண்ணி ஏறும்போது தானே ஓடி, இறங்கியதும் நிற்கும். அந்த மோட்டாரும் ஃப்ளோட்டும் பெட்ரோல் ஆவி தேங்குகிற அடிப்பள்ளத்திலேயே இருக்கப்போகிறது, அதனால் முழுக்க மூடிய, தண்ணிக்குள் வேலை செய்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். வயர் ஒட்டு எதுவும் அந்தப் பள்ளத்துக்குள் வரக் கூடாது, மேலே பக்கச் சட்டத்தில் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் பழைய வயரிங்கை நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். ஒவ்வொரு வயரும் எவ்வளவு நீளம் என்று கயிறு வைத்து அளந்து எழுதிவிட்டால், எந்த வயருக்கு எத்தனை ஸ்கொயர், எத்தனை ஆம்ப் ஃபியூஸ் என்று கடைக்குப் போகும் முன்பே பட்டியல் போட்டுத் தருகிறேன்.